மம்பா மீன் யாருக்கு?

அத்தியாயம் 4

படகைக் கவிழ்த்தது நான்தான். பிற்பாடு போலீஸ்காரர் எழுதிக்கொண்டபோது "காற்று" என்று சொன்னேன். காற்று பாவம், அன்றைக்கு அது ஏரிப் பக்கமே வரவில்லை.

படகில் மூன்று பேர். முன்னால் துடுப்போடு முபிரு, நகிவா துறையின் பறவை வழிகாட்டிகள் சங்கத்துக்குச் சேர்மன். நடுவில் நலோங்கோ அம்மா. இரட்டைப் பிள்ளை பெற்றவளை எங்கள் ஊரில் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நலோங்கோ என்பதுதான் மரியாதை. பதினெட்டு வருஷம் போலீசில் இருந்தவர். மேலதிகாரி ஒருவரின் முகத்தில் ஃபைலை விட்டெறிந்த நாளிலிருந்து சொந்தமாகத் துப்பறிகிறார். கடைசியில் நான், முயிங்கோ. மோட்டார்பைக் டாக்சி ஓட்டுகிறவன். துப்பறிவாளரின் உதவியாளன் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். அவர் "என் வண்டிக்காரன்" என்கிறார்.

ஐந்து நாளைக்கு முன்னால் சதுப்பு நடுவே ஒரு கூட்டிலிருந்து புல்வேக் குஞ்சு களவு போயிற்று. மரச்செருப்பை மூக்கில் மாட்டிக்கொண்டு, வராத கடன்காரனுக்காகக் காத்திருப்பது போல மணிக்கணக்கில் அசையாமல் நிற்குமே, அந்தச் சாம்பல் பறவைதான் புல்வே. அதைப் பார்க்கத்தான் கடல் தாண்டி வெள்ளைக்காரர்கள் பைனாகுலரும் தொப்பியுமாக வந்து இறங்குகிறார்கள். துறையில் இருபது வீட்டு அடுப்பு அதனால் எரிகிறது.

காலிக் கூட்டில் கிடந்தது கல்யாங்கோவின் சிவப்புத் தொப்பி. எங்கள் ஏரியில் அவனைப் போல ஒரு வழிகாட்டி கிடையாது. கூட்டுக்கு முப்பது அடிக்குள் படகை விடமாட்டேன் என்று வாடிக்கையாளரோடு சண்டை போடுகிறவன். அவனைத்தான் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். நாலு மணிக்கு போலீஸ் லாரி அவனை நகரத்துக் கோர்ட்டுக்கு ஏற்றிக்கொண்டு போகும். போய்விட்டால் வருஷக்கணக்கு. அதற்குள் குஞ்சு உயிரோடு கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

"குஞ்சு எங்கே?" என்று காலையிலிருந்து துறை முழுக்கக் கேட்டுவிட்டேன். ஒருவர் வானத்தைக் காட்டினார். ஒருவர் "யார் கேக்கச் சொன்னது?" என்றார். இன்னொருவர் என் பைக்கின் டயரைப் பற்றி அக்கறையாக விசாரித்தார்.

"பயப்படாம உக்காருங்க நலோங்கோ," என்றார் சேர்மன், பாப்பிரஸ் கோரைப் புதருக்குள் படகைச் செலுத்தியபடி. "நான் மம்பா குலம். இந்தத் தண்ணியில இருக்கிற மம்பா மீன் எங்க ரத்தம். எங்க ஆளு இருக்கிற படகு முழுகினதா சரித்திரமே இல்ல."

"கல்யாங்கோ திருடுவான்னு நம்புறீங்களா?" என்றார் நலோங்கோ.

"என் தம்பி மாதிரி. ராத்திரி தூக்கமில்ல எனக்கு. ஆனா தொப்பி பேசுதே, என்ன செய்ய?"

"தொப்பிய யார் மொதல்ல பார்த்தது?"

"நான்தான். என் துரதிர்ஷ்டம்."

புதர் விலகியது. கூடு தெரிந்தது. வாழ்நாளில் நான் சரியாக அடையாளம் கண்ட பறவைகள் இரண்டு. ஒன்று கோழி. அன்றைக்குத்தான் இரண்டாவது. தாய்ப் பறவை கூட்டின் மேல் நின்றுகொண்டிருந்தது. மெதுவாகக் குனிந்து அந்தப் பெரிய அலகில் தண்ணீரை மொண்டது. குஞ்சுக்கு வெயில் உறைக்காமல் இருக்க இப்படித்தான் நனைக்கும் என்று கல்யாங்கோ சொல்லியிருக்கிறான். அது திரும்பி, ஒன்றுமே இல்லாத கூட்டில் அந்தத் தண்ணீரை ஊற்றியது. கொஞ்சம் நின்று பார்த்தது. மறுபடி போய் மொண்டது.

அஞ்சு நாளாக இதைத்தான் செய்கிறதா? எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "எந்தப் பாவி..." என்று எழுந்து நின்றேன். ஒரு மரத்தைக் குடைந்து செய்த படகில் எழுந்து நிற்கக்கூடாது என்பது இந்த ஏரியில் தவழும் குழந்தைக்கும் தெரியும்.

இடுப்பளவு தண்ணீர், முழங்கால் அளவு சேறு. தலையை வெளியே எடுத்தபோது நலோங்கோ அம்மா தலையில் ஒரு அல்லி இலையோடு எனக்கு நேரே நின்றார். அவர் பார்த்த பார்வைக்குத் திட்டியிருந்தால் தேவலை.

மம்பா குலத்துக்காரர் மூழ்கவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நலோங்கோவுக்குக் கை கொடுக்கவும் இல்லை. துடுப்பு ஒரு பக்கம் போனது, அவருடைய போன் அடியில் போனது. அவர் எதையும் பார்க்காமல் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பையின் பின்னால் நீந்தினார். பை வாய் பிளந்திருந்தது. இளஞ்சிவப்பாக மீன் துண்டுகள், கட்டைவிரல் அளவு, தோலும் முள்ளும் இல்லாமல், அல்லிப் பூக்களுக்கு நடுவே மிதந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார், ஒரு குச்சியால்.

"சேர்மன், உங்க போன்!" என்று கத்தினேன்.

"போன் கெடக்கட்டும்யா!"

"என்ன மீன் அது?" என்றார் நலோங்கோ.

"மீனா... சும்மா. நாய்க்கு."

தாய்ப் பறவை எங்கள் மூவரையும் பார்த்தது. அதற்குத் திட்டத் தெரிந்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்ல இருந்திருக்க மாட்டேன்.

*

துறைக்குத் திரும்பும்போது மணி இரண்டரை. சேர்மன் அவசரமாகச் சட்டையை மாற்றிக்கொண்டு, "சங்க வேலை" என்று நழுவினார். நான் சட்டைப் பையிலிருந்து தண்ணீரைப் பிழிந்தேன். அதிலிருந்து ஒரு துண்டு மீன் விழுந்தது.

"நானா எடுக்கலம்மா. அதுவா வந்துச்சு. என் ஆயுசுல நான் பிடிச்ச ஒரே மீன்."

நலோங்கோ அம்மா அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டினார். "இது என்ன மீன்?"

"மம்பா. இந்தக் கொழுப்பு வேற எதுக்கு இருக்கு?"

"உன் குலம் என்ன?"

"வெட்டுக்கிளி. உங்களுக்குத் தெரியாதா என்ன?"

"நவம்பர் மாசம் ஊரே வெட்டுக்கிளிய வறுத்துத் திங்குது. நீ திம்பியா?"

"அந்த வேதனைய ஏம்மா கிளறுறீங்க? வாசனை பிடிக்கிறதோட சரி. குலத்தத் திங்க முடியுமா?"

"நாய்க்குப் போடுவியா?"

"தொடவே மாட்டேன். வீட்டுக்குள்ள வந்தாலே என் பொண்டாட்டி..." என்று ஆரம்பித்தவன் வாயை மூடினேன்.

"மெதுவா வந்து சேருற," என்றார் நலோங்கோ. "மம்பா குலத்து ஆளு, மம்பா மீனு, அதுவும் பை நிறைய. குச்சியால பொறுக்கினாரு, பார்த்தியா? கையால தொடல. பழக்கம் விடல. ஆனா பைய விடவும் மனசில்ல. வா, இத அறுத்தது யாருன்னு பார்ப்போம்."

பார்க்க வேண்டியதே இல்லை. நகிவா துறையில் மம்பாவை உருளை உருளையாகத்தான் வெட்டுவார்கள், புகை போட. இப்படித் தோலுரித்து முள்ளெடுக்கத் தெரிந்த கை ஒன்றே ஒன்று. நப்போசா. கல்யாங்கோவின் மனைவி.

மீன் பலகையின் முன்னால் அவள் நின்றிருந்தாள். அழவில்லை. அழுது முடித்து, அடுத்த கட்டத்தில் இருந்தாள். கத்தி விழுகிற வேகத்தில் பலகை இரண்டு அங்குலம் நகர்ந்தது.

"புருஷன் பேர்ல இருக்கிற கோபத்த மீன் மேல காட்டாதேம்மா," என்றேன், பேச்சை இலகுவாக்கலாம் என்று.

"அவரு மேல எனக்கென்ன கோபம்? இந்தத் துறை மேல கோபம். இருவது வருஷமா அவரோட ஒரே சட்டியில சாப்பிட்டவனுங்க, இன்னிக்கு என்னப் பார்த்தா வலையில ஓட்டை தேடுறானுங்க. நீயும் போய்த் தேடு அண்ணே."

எனக்கு அது வேண்டியதுதான். நலோங்கோ துண்டை நீட்டினார். "இது உன் கை வேலையா?"

நப்போசா ஒரு பார்வையிலேயே சொன்னாள். "ஆமா. சேர்மனுக்கு. காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை வந்து வாங்குறாரு. அவரு மாமியா யொசெஃபினாவுக்கு."

"எங்ககிட்ட நாய்க்குன்னாரே," என்றேன்.

"என்கிட்ட மாமியாருக்குன்னாரு. அந்தம்மாவுக்குப் பல்லு முழுக்கப் போயிடுச்சாம், மெல்ல முடியலயாம். அவங்க வேற குலம்தானே, மம்பா சாப்பிடலாமேன்னு நானும் யோசிக்கல. 'நீ கஷ்டத்துல இருக்க, உன்கிட்டதான் வாங்கணும்'னாரு. இந்தத் துறையில மனுஷன்னு ஒருத்தர் இருக்காருன்னு நெனச்சேன்."

"யொசெஃபினா அம்மாவுக்கா பல்லு இல்ல?" என்று கேட்டேன். "போன வாரம் பைக்ல போறப்ப அவங்க மேல சேறு அடிச்சுட்டேன். நின்னு மன்னிப்புக் கேட்டேன். என்னைத் திட்டிக்கிட்டே சோடா பாட்டில் மூடியப் பல்லால கடிச்சுத் துப்பினாங்க. முப்பத்திரண்டும் இருக்கு. எண்ணிப் பார்க்க எனக்கு நெறைய நேரம் கிடைச்சுது, அவ்வளவு நேரம் திட்டினாங்க."

கத்தி நின்றது.

"எப்பலேர்ந்து வாங்குறாரு?" நலோங்கோவின் குரல் தணிந்துவிட்டது. அது தணிந்தால் நான் ஓரடி தள்ளி நிற்பது வழக்கம்.

"வியாழக்கிழமையிலேர்ந்து."

"குஞ்சு காணாமப் போனது?"

"புதன் சாயங்காலம்."

"புதுக் கூடு இருக்கிற எடத்த உன் புருஷன் யார்கிட்ட சொன்னான்?"

"யார்கிட்டயும் சொல்லல. சங்க நோட்டுல எழுதணும்னு சட்டம், அதனால சேர்மன்கிட்ட மட்டும்..." நப்போசா பலகையை விட்டு நிமிர்ந்தாள். "தொப்பிய சங்க ஆபீஸ்ல மறந்துட்டேன்னு புதன்கிழமை ராத்திரி தேடிக்கிட்டிருந்தாரு."

"புல்வேக் குஞ்சு என்னம்மா திங்கும்?" என்றார் நலோங்கோ.

அவள் பதில் சொன்னபோது குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"மம்பா. பொடிசா அறுத்த மம்பா." கையிலிருந்த மீன் ரத்தத்தைப் பார்த்தாள். "அஞ்சு நாளா... எம் புருஷன உள்ள தள்ளின திருட்டுக்கு நானே சோறு ஊட்டியிருக்கேன். முள்ளெடுத்து. தொண்டையில சிக்கிடக் கூடாதேன்னு ரெண்டு தரம் தடவிப் பார்த்து."

என் கண்ணில் சேற்றுத் தண்ணீர் போயிருந்தது, அதனால் துடைத்துக்கொண்டேன்.

நப்போசா மேலங்கியை வரிந்து கட்டினாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை. "வண்டிய எடு அண்ணே."

*

எங்கள் ஊரில் மோட்டார்பைக்குக்கு எத்தனை பேர் என்பது சக்கரம் முடிவு செய்கிற விஷயம். நான், நலோங்கோ, கத்தியோடு நப்போசா. போலீஸ் சாவடியில் நாலாவதாகக் கான்ஸ்டபிள் ஓடோச். லாரி புறப்பட இன்னும் அரை மணி. லாரியின் பின்புறம் கம்பிக்குள் கல்யாங்கோ உட்கார்ந்திருந்தான். மனைவியைப் பார்த்ததும் எழுந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டான். அவள் "வந்து சொல்றேன்" என்றாள்.

ஓடோச் வடக்கத்தி மனிதர். எங்கள் குலக் கட்டுப்பாடெல்லாம் அவருக்கு எட்டவில்லை.

"மீன் வாங்கினது குத்தமா நலோங்கோ? எனக்கும்தான் மீன் பிடிக்கும்."

"ஒரு மனுஷன் தன் குலத்து மீனத் தினம் ரெண்டு வேளை வாங்குறான். அத மாமியாருக்குன்னு தானே எடுத்துட்டுப் போறான். எங்க ஊர்ல மருமகன் மாமியா மூஞ்சிய ஏறிட்டுப் பார்க்க மாட்டான், ஓடோச். எதிர்ல வந்தா வேலியில பூந்துடுவான். குடுக்கணும்னா ஆள் மூலமாத்தான் குடுப்பான். இவன் ஏன் ஒரு ஆளையும் நம்பல?"

"எனக்குப் புரியல."

"புரிய வேணாம். ஏறு."

"நாலு பேரா?"

"உன்ன விட்டுட்டுப் போனா, இந்தப் பொண்ணு கத்தியோட போறதுக்கு நீதான் பதில் எழுதணும்."

ஓடோச் ஏறினார். பைக் முனகியது. மேட்டில் நான் முன்னால் குனிந்து அதற்குக் காதில் சமாதானம் சொன்னேன்.

*

யொசெஃபினாவின் வீடு வாழைத்தோப்புக்கு நடுவே. சாலையோரம் கறுப்புக் கண்ணாடி போட்ட வேன் ஒன்று இஞ்சினை அணைக்காமல் நின்றது. குஞ்சை வாங்க வந்த ஆளாக இருக்கும், காக்கிச் சட்டையைக் கண்டதும் அது புழுதி கிளப்பிக்கொண்டு மறைந்தது. சேர்மன் முபிரு முற்றத்துக்கு வெளியே, காப்பிச் செடி வேலிக்குப் பின்னால், வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி நின்றிருந்தார். பார்த்தால் மரியாதையான மருமகன்.

"என்ன நலோங்கோ, படகு போதாதுன்னு பைக்கையும் கவுக்க வந்தீங்களா?"

"குஞ்ச எடுக்க வந்தோம்."

"எங்கேருந்து? எம் மாமியா வீட்டுலேர்ந்தா?" அவர் சிரித்தார். "ஆபீசர், நீங்க இந்த ஊருக்குப் புதுசு. நான் இந்த வேலியத் தாண்டினா ஊரு என்னக் காறித் துப்பும். எங்க வீட்டத் தேடுறீங்களா, தேடுங்க. இங்கயும் தேடுங்க. தாராளமா."

அந்தத் 'தாராளமா' எனக்குப் பிடிக்கவில்லை.

ஓடோச் உள்ளே போனார். இரண்டு அறை. அடுப்படி. கோழிக் கூடை. திரைக்குப் பின்னால் சின்ன அறையில் யொசெஃபினா தலையோடு துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மருமகன் வாசலில் நிற்கிறார், வேறென்ன செய்வார். ஓடோச் என்ன கேட்டும் பேசவில்லை. கட்டிலுக்கு அடியில், பரணில், தண்ணீர்ப் பானைக்குள்கூடப் பார்த்தார். வெளியே வந்து கையை விரித்தார்.

"ஒண்ணும் இல்ல."

நலோங்கோ அம்மாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. கணக்குச் சரி, விடை மட்டும் இல்லை.

"எனக்கு லாரிக்கு நேரமாச்சு," என்றார் ஓடோச்.

"போங்க ஆபீசர்," என்றார் சேர்மன். "நான் கோபப்படல. நப்போசா பாவம், புருஷன் திருடன்னா எந்தப் பொண்ணுக்கும் புத்தி பேதலிக்கும். அம்மா!" வீட்டுப் பக்கம் திரும்பாமலே குரல் கொடுத்தார். "ஒண்ணும் பயப்படாதீங்க. நான் சொன்ன கள்ளக் கூட்டம்தான். பேசாம இருங்க, போயிடுவாங்க!"

நான் சாது. கேட்டுப் பாருங்கள், மீதிச் சில்லறைக்குக்கூடச் சண்டை போடாதவன். அன்றைக்குப் போய்ச் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவர் சட்டை, என் கை, ஆச்சரியம் இரண்டு பேருக்கும்.

"குஞ்சு எங்கய்யா?"

"கடவுளக் கேளு."

"அஞ்சு நாளா அது வெறுங்கூட்டுல தண்ணி ஊத்துது! பார்த்தீங்கல்ல? பக்கத்துல நின்னு பார்த்தீங்கல்ல? மீன் பைய மடியில வச்சுக்கிட்டு!"

"கைய எடு தம்பி."

ஓடோச் என் கையை எடுத்தார். நலோங்கோ வீட்டின் மூடிய ஜன்னலைப் பார்த்தார். பிறகு நப்போசாவைப் பார்த்தார். "சத்தமா பேசும்மா," என்றார். "என்கிட்ட இல்ல. உள்ள."

நப்போசா கத்தியை மண்ணில் குத்திவிட்டு முற்றத்தின் நடுவில் போய் நின்றாள்.

"யொசெஃபினா அம்மா! நான் நப்போசா. உங்க மருமகன் கொண்டாந்த மீன அறுத்தவ. பல்லு போன மாமியாருக்குன்னு சொல்லி வாங்கினாரு. உங்ககிட்ட என்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது. அந்தப் பறவைய எம் புருஷன் திருடினார்னு பிடிச்சு வச்சிருக்காங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல ஏத்திட்டுப் போயிடுவாங்க. எம் புள்ளைங்க மூணும் திருடன் புள்ளைங்கன்னு பேர் வாங்கும். நீங்க மருமகனுக்காக மூஞ்சிய மூடிக்கிறது சரி. அவரு செஞ்சதையும் சேர்த்து மூடப்போறீங்களா?"

சேர்மன் சிரித்துக்கொண்டே இருந்தார், ஆனால் அந்தச் சிரிப்பைக் கவனிக்க யாரையும் நியமிக்காமல் விட்டுவிட்டார் போல, அது ஒரு பக்கமாகக் கோணியது.

கதவு திறந்தது.

யொசெஃபினா அம்மா வாசலில் வந்து நின்றார். துணி தோளில் கிடந்தது. முகம் பட்டப்பகலில், மருமகனுக்கு நேரே, மூடாமல். எங்கள் ஊரில் நான் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. முபிரு "ஐயோ!" என்று இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு காப்பிச் செடிக்குள் குப்புற விழுந்தார். திருடியபோது வராத வெட்கம் அப்போது வந்தது.

"சர்க்கார் பறவை, சீக்குன்னு சொன்னான்," என்றார் யொசெஃபினா, எங்களைப் பார்த்து இல்லை, செடிக்குள் கிடந்த முதுகைப் பார்த்து. "பத்திரமா வச்சு வைத்தியம் பண்ணச் சொன்னாங்கன்னான். எம் பொண்ணக் கட்டினவனாச்சேன்னு நம்பினேன். எழுந்திருடா! மூஞ்சியக் காட்ட வெக்கமா இருக்கா உனக்கு? எனக்கு இல்ல."

முதுகு எழுந்திருக்கவில்லை.

காலையிலிருந்து எத்தனை பேரிடம் கேட்டேனோ, அதையே கேட்டேன். இந்த முறை மெதுவாக.

"குஞ்சு எங்கம்மா?"

"தோப்புக்குள்ள, காய் பழுக்க வைக்கிற குழியில. மேல இலை போட்டு மூடியிருக்கு. உயிரோடதான் இருக்கு, இப்பத்தான் தண்ணி குடுத்தேன். புதன்கிழமை ராத்திரி இவன்தான் கொண்டாந்து வச்சான், என் கண்ணால பார்த்தேன். கோர்ட்டுல கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன்."